பழைய கார் வாங்கிய பிறகு கடைக்காரர் கைவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 ஆகஸ்டில் திருச்சியில் ஒரு பழைய கார் விற்பனைக் கடையில் 3,85,000 ரூபாய்க்கு 2016 மாடல் பெட்ரோல் கார் வாங்கினேன். வண்டியைவிட அதிகமாக என்னைப் படுத்தியது, விற்ற பிறகு அந்தக் கடை நடந்துகொண்ட விதம். அலைந்து திரிந்து ஒரு வழியாக அந்த விவகாரம் முடிந்த பிறகு, உறவினர்களும் நண்பர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் இதே சிக்கலோடு என்னிடம் வரத் தொடங்கினார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். பெரிய தொகையோ, விபத்தோ, உயிரிழப்போ சம்பந்தப்பட்டிருந்தால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

உங்களுக்கு என்னதான் நடந்தது?

வாங்கிய பதினோராவது நாள், அம்மாவை மதுரைக்குக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். துவரங்குறிச்சி தாண்டியதும் ஏ.சி.யில் காற்று சூடாக வர ஆரம்பித்தது. அடுத்த சில நிமிடங்களில் வெப்பமானி முள் மேலே ஏறிவிட்டது. ஓரமாக நிறுத்தி, புளியமர நிழலில் அம்மாவை உட்கார வைத்துவிட்டுக் கடைக்குப் போன் செய்தேன். வாங்குவதற்கு முன் ஒரே மணியில் எடுத்தவர்கள் அன்று எடுக்கவில்லை. ஏழாவது முறை எடுத்த பையன், "வண்டி எண் சொல்லுங்கள், பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறோம்" என்றான். யாரும் கூப்பிடவில்லை.

ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினின் மேல்பகுதிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு, போயிருந்தது. ஏ.சி. கம்ப்ரஸரும் போயிருந்தது. செலவு இரண்டும் சேர்த்து 42,400 ரூபாய். ஆறு மாத எஞ்சின் வாரன்டி தந்திருந்த கடை, "சூடேறிய பிறகும் ஓட்டியிருக்கிறீர்கள், அது உங்கள் தவறு" என்று கை விரித்தது. பெயர் மாற்றம் 2024 ஜனவரி வரை இழுத்தது. இடையில் பதினான்கு முறை அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன். வாங்கும் முன் "உட்காருங்கள் அண்ணா, டீ சாப்பிடுங்கள்" என்ற அதே மனிதர், பிறகு என்னை நிற்க வைத்தே பேசினார். அந்த அவமானம் பணம் போனதைவிட ஆழமாகத் தைத்தது. இந்தச் சிக்கலோடு வருகிற பலரும் முதலில் சொல்வது இதைத்தான்.

பணம் முழுவதும் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. ஆர்.சி. இன்னும் என் பெயருக்கு வரவில்லை. கேட்டால் "ஆர்.டி.ஓ. ஆபீஸில் தாமதம்" என்கிறார்கள். உண்மையா?

சில சமயம் உண்மை. பெரும்பாலும், விண்ணப்பமே போட்டிருக்க மாட்டார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: விண்ணப்ப எண். அந்த எண்ணை வைத்து, மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகன் இணையதளத்தில் நீங்களே நிலையைப் பார்த்துக்கொள்ளலாம். எண்ணைத் தர மறுத்தாலோ மழுப்பினாலோ, விண்ணப்பம் இல்லை என்று வைத்துக்கொண்டே அடுத்த வேலையைப் பாருங்கள்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் கை மாறும் வண்டிக்கு விற்றவர் 14 நாளுக்குள் தகவல் தர வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். அதாவது கடைக்காரர் செய்து தருவதாகச் சொன்னாலும், சட்டத்தின் கண்ணில் கடமை உங்களுக்கும் இருக்கிறது. "அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று உட்கார்ந்திருந்தது நான் செய்த முதல் தவறு.

தாமதத்துக்குப் பின்னால் வழக்கமாக இருப்பவை இவை. பழைய உரிமையாளரிடம், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெற்றுக் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்திருப்பார்கள். விண்ணப்பிக்கும்போது அவருடைய கைப்பேசிக்கு ஓ.டி.பி. போகும், அவர் போனை எடுக்க மாட்டார். அல்லது வண்டியின் மேல் பழைய வங்கிக் கடன் பதிவு நீங்காமல் இருக்கும். அதை நீக்க வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் வேண்டும். அல்லது பழைய போக்குவரத்து அபராதங்கள் நிலுவையில் இருக்கும். வெளி மாநில வண்டியானால் படிவம் 28இல் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, வாகன வரி என்று தனிக் கதை. இவற்றில் எது காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். காரணம் தெரிந்துவிட்டால் பாதி வேலையை நீங்களே முடித்துவிடலாம். என் வண்டியில் 2019இலேயே அடைத்த கடனின் பதிவு நீங்காமல் இருந்தது. பழைய உரிமையாளரின் எண்ணைப் பிடித்து, அவரோடு வங்கிக்கு நானே போனேன். அரை நாளில் சான்று கிடைத்தது. அதை வாங்கவில்லை என்றுதான் கடை என்னை ஐந்து மாதம் அலைய விட்டது.

பெயர் மாறுவதற்குள் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

இதைக் கேட்காதவர்களுக்காகத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். இரண்டு பகுதிகளாகப் புரிந்துகொள்ளுங்கள். மூன்றாம் நபருக்கு ஏற்படும் காயம், சேதத்துக்கான காப்பீடு, வண்டி கை மாறியதும் உங்களுக்கு மாறியதாகவே மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆவது பிரிவு கருதுகிறது. ஆனால் உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அப்படித் தானாக மாறாது. வண்டி வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். செய்யாமல் விட்டு வண்டி நசுங்கினால், பாலிசியில் பெயர் இல்லாத உங்களுக்குப் பணம் தர நிறுவனம் மறுக்கும்.

கூடவே ஒன்று. "வண்டிக்கு 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் இருக்கிறது, இன்சூரன்ஸ் மலிவாக வரும்" என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காகக் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி வண்டிக்கு உரியது அன்று, பழைய உரிமையாளருக்கு உரியது. பாலிசியை மாற்றும்போது வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

ஆறு மாத வாரன்டி என்றார்கள். இப்போது எது கெட்டாலும் "அது வாரன்டியில் வராது" என்கிறார்கள்.

பழைய கார் வாரன்டி என்பது பெரும்பாலும் எஞ்சினும் கியர்பாக்ஸும் மட்டும்தான். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், பேட்டரி, டயர், சஸ்பென்ஷன் புஷ், ஏ.சி., மின் பகுதிகள் ஆகியவற்றைத் தேய்மானம் என்று ஒதுக்கிவிடுவார்கள். எஞ்சினிலும்கூட உள்ளே எண்ணெயில் நனையும் பாகங்கள் மட்டும் என்று எழுதியிருப்பதுண்டு. பல கடைகளில் வாரன்டி தருவது கடையே அன்று, வேறொரு நிறுவனம். கடைக்காரர் அங்கே கை காட்டுவார், அவர்கள் கடையைக் கை காட்டுவார்கள்.

ஆகவே முதலில் அந்தத் தாளைத் தேடி எடுங்கள். தாளே தரவில்லை என்றால், வாய்ப்பேச்சில் சொன்னதற்கு வேறு என்ன சான்று இருக்கிறது என்று பாருங்கள். விளம்பரப் படம், வாட்ஸ்அப் செய்தி, ரசீதின் பின்புறம் பேனாவால் எழுதிய ஒரு வரி, எல்லாமே சான்றுதான். எனக்குக் கை கொடுத்தது, டெலிவரி நோட்டில் விற்பனையாளர் தன் கையாலேயே எழுதிய "எஞ்சின் 6 மாதம்" என்ற மூன்றே சொற்கள்.

சூடேறியது உங்கள் தவறு என்ற வாதத்துக்கு வருவோம். இதைப் பலருக்கும் சொல்கிறார்கள். குளிரூட்டும் நீர் கசிந்ததால் சூடேறியதா, முள் சிவப்பைத் தொட்ட பிறகும் ஓட்டியதால் கேடு வந்ததா என்பதுதான் கேள்வி. வண்டியைப் பிரித்த மெக்கானிக்கிடம் அதை எழுதி வாங்குங்கள். என் மெக்கானிக், ரேடியேட்டரின் அடிக்குழாயில் ஏற்கெனவே எம்-சீல் பூசி மறைத்திருந்த விரிசலைப் படம் எடுத்துக் கொடுத்தார். அந்தப் படத்துக்குப் பிறகு "உங்கள் தவறு" என்ற பேச்சு எழவில்லை.

டெலிவரி நோட்டில் "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது, புகார் ஏற்கப்படாது" என்று அச்சடித்திருக்கிறார்கள். நான் கையெழுத்தும் போட்டுவிட்டேன். முடிந்ததா?

முடியவில்லை. கண்ணுக்குத் தெரிந்த குறையை அந்த வரி மூடும். மறைத்த குறையை மூடாது. கதவில் கீறல் இருந்தது, கிளட்ச் கனமாக இருந்தது, அதைப் பார்த்தும் வாங்கினீர்கள் என்றால் பிறகு முறையிட முடியாது. ஆனால் விபத்தில் சிக்கிய வண்டியை "ஒரு கீறல்கூடப் படாத வண்டி" என்று விற்றிருந்தால், ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டியிருந்தால், அது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் நியாயமற்ற வணிக நடைமுறை. அச்சடித்த ஒரு வரி அதற்குக் கவசம் ஆகாது. அதே சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும் பில் தர மறுப்பதையும் அதே பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

நேர்மையாக இதையும் சொல்ல வேண்டும். எட்டு வயது வண்டி புது வண்டியைப் போல ஓடாது. 60,000 கி.மீ. ஓடிய வண்டியில் ஷாக் அப்சார்பர் தட்டுகிறது என்று வழக்குப் போட்டால் நுகர்வோர் ஆணையம் கேட்காது, கேட்கவும் கூடாது. உங்கள் புகாரில் தேய்மானத்தையும் ஏமாற்றையும் நீங்களே பிரித்துவிடுங்கள். பத்துக் குறைகளை அடுக்குவதைவிட உறுதியான இரண்டைச் சொல்வது வலிமையானது.

மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம். எப்படி நிரூபிப்பது?

அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்துக்குப் போய், வண்டி எண்ணைச் சொல்லி சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் வண்டி வந்த தேதியும் அன்று மீட்டர் காட்டிய தூரமும் பதிவாகியிருக்கும். சில நிலையங்கள் ஆர்.சி. உங்கள் பெயரில் இருந்தால்தான் தருவார்கள். பெயர் மாற்றத்தை ஏன் முதலில் முடிக்கச் சொல்கிறேன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்சூரன்ஸ் கிளெய்முக்காக எடுத்த ஆய்வு அறிக்கையிலும், சில நேரம் புகைச் சான்றுக்காக எடுத்த படத்திலும்கூடத் தூரம் தெரியும்.

வண்டியும் பேசும். உண்மையிலேயே 40,000 கி.மீ. மட்டும் ஓடிய வண்டியில் பிரேக் பெடல் ரப்பரின் வரிகள் மழுங்கியிருக்காது. ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம் நைந்திருக்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். குறைவாக ஓடிய வண்டி என்றால் தயாரித்த காலத்து டயரே இன்னும் இருக்க வேண்டும். இரண்டாவது செட் டயரும் தேய்ந்திருந்தால் கணக்கு உதைக்கிறது.

என் வண்டியில் சான்று பானெட்டுக்குள் இருந்தது. ஹெட் கேஸ்கெட்டை மாற்றும்போது மெக்கானிக் ஒயர் கட்டுக்குப் பின்னால் கை விட்டு, ஒரு சிறிய அட்டையை இழுத்தார். ஆயில் மாற்றும்போது தொங்கவிடும் அட்டை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிப் பழுப்பாகிவிட்டிருந்தது. துணியால் துடைத்ததும் பேனா எழுத்து தெரிந்தது: அடுத்த சர்வீஸ் 82,000 கி.மீ. அன்று என் மீட்டர் காட்டியது 52,310. நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. கடையில் காட்டியபோது "அது வேறு வண்டியின் அட்டையாக இருக்கும்" என்றார்கள். அட்டையின் மேல் மூலையில் என் வண்டியின் எண் இருந்தது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று எப்படித் தெரியும்?

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. அப்படி நின்ற வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டுப் பிற ஊர்களில் விற்பனைக்கு வருவது புதிதல்ல. சீட் பெல்ட்டை முழுவதும், கடைசி அங்குலம் வரை வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்று நிறக் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை நின்றிருக்கிறது. இருக்கைத் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், தரை விரிப்பைத் தூக்கினால் புழுங்கிய வாடை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இவற்றையெல்லாம் தேதியோடு படம் எடுத்து வையுங்கள், சுத்தம் செய்துவிடாதீர்கள்.

பில் கேட்டால் "பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கூடும்" என்று பயமுறுத்துகிறார்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற பழைய கார் வியாபாரிக்கு, வண்டியை வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல் மட்டும் வரி கட்டும் முறை இருக்கிறது. 2025 ஜனவரி 16 முதல் அந்த விகிதம் எல்லா வகைப் பழைய கார்களுக்கும் 18 சதவீதம். 3,70,000க்கு வாங்கி 4,00,000க்கு விற்றால் வரி 30,000 ரூபாயின் மேல்தான், அதாவது 5,400 ரூபாய். 72,000 கூடும் என்று சொல்வது உங்களைப் பில் இல்லாமல் அனுப்புவதற்கான பேச்சு. அந்த 5,400ஐ நீங்களே தருகிறேன் என்று சொல்லியாவது பில் வாங்கிவிடுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகக் கொடுங்கள், அதுவும் கடையின் கணக்குக்கு. விற்பனையாளரின் சொந்த கூகுள் பே எண்ணுக்கு அட்வான்ஸ் போட்டவர்கள் பின்னால் பட்ட பாட்டை நிறையப் பார்த்துவிட்டேன்.

போனையே எடுப்பதில்லை. இனி எப்படி அணுகுவது?

போனை நிறுத்துங்கள். நேரில் போய்ச் சத்தம் போடுவதையும் நிறுத்துங்கள். எழுதுங்கள். வாட்ஸ்அப், மின்னஞ்சல், பிறகு தபால். என் முதல் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. ஏறத்தாழ இப்படி இருந்தது:

"தங்கள் நிறுவனத்தில் (தேதி) அன்று (வண்டி எண்) காரை ரூ. 3,85,000க்கு வாங்கினேன். டெலிவரி நோட்டில் எஞ்சினுக்கு ஆறு மாத வாரன்டி எழுதித் தந்துள்ளீர்கள். பதினோராவது நாள் எஞ்சின் பழுதானது. பழுதுக்கான காரணம் குறித்த மெக்கானிக்கின் அறிக்கையும் பில்லும் இணைத்துள்ளேன். ஆர்.சி. பெயர் மாற்றமும் இன்றுவரை முடியவில்லை. இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பழுதுச் செலவைத் திருப்பித் தந்து, பெயர் மாற்ற விண்ணப்ப எண்ணைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

திட்டக் கூடாது. "ஏமாற்றுக்காரர்கள்" என்று எழுதக் கூடாது. இதே கடிதத்தை நாளை ஒரு நீதிபதி படிப்பார் என்று நினைத்து எழுத வேண்டும். விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியை அச்செடுத்து வையுங்கள். கடைக்குப் போயே ஆக வேண்டும் என்றால், திரும்பி வந்ததும் "இன்று மாலை நேரில் வந்தேன், அடுத்த செவ்வாய்க்குள் முடிப்பதாகச் சொன்னீர்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிடுங்கள். அவர்கள் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீல டிக் விழுந்தால் போதும். வாய்ப்பேச்சு எழுத்தாகிவிட்டது.

அவர்கள் கவனிக்கும்வரை காத்திருக்காமல் வேறு இடத்தில் சரிசெய்துகொள்ளலாமா?

வண்டி ஓடியே ஆக வேண்டிய நிலை பலருக்கு. ஆனால் வெளியே பிரித்தால் வாரன்டி போகும் என்பது பெரும்பாலான தாள்களில் இருக்கும் நிபந்தனை. முதலில் எழுத்தில் தகவல் தந்து நாள் குறியுங்கள். அந்த நாள் கடந்த பிறகு சரிசெய்யுங்கள். பிரிப்பதற்கு முன்னும் பிரித்த பின்னும் வீடியோ, கழற்றிய பழைய பாகம், பில், மெக்கானிக்கின் கையெழுத்திட்ட அறிக்கை எல்லாம் வேண்டும். பழைய பாகத்தை மெக்கானிக் கடையிலேயே விட்டுவிடாதீர்கள். என் கேஸ்கெட் ஒரு வருடம் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது.

1915 என்ற எண்ணை அழைத்தால் ஏதாவது நடக்குமா?

அது தேசிய நுகர்வோர் உதவி மையம். தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், புகாரை அந்த நிறுவனத்துக்கு அனுப்பி பதில் கேட்பார்கள். கிளைகள் நிறைய உள்ள பெரிய நிறுவனங்கள் பெயர் கெடும் என்று அசைவதுண்டு. உள்ளூர்க் கடைகள் அசைவது குறைவு. எனக்கு அதனால் தீர்வு வரவில்லை. ஆனாலும் புகார் எண் ஒன்று கிடைத்தது, பின்னால் ஆணையத்தில் அதையும் இணைத்தேன்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது எப்படி? செலவு எவ்வளவு? வக்கீல் கட்டாயமா?

வக்கீல் கட்டாயம் இல்லை. நான் வைத்துக்கொள்ளவில்லை. நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான் இடம். விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. சென்னைக் கடையில் வாங்கிய தென்காசிக்காரர் தன் மாவட்டத்திலேயே வழக்கு நடத்தலாம். குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று கடைக்காரர் தள்ளிப்போடுவது சில நேரம் இந்தக் கெடுவைக் கடத்துவதற்காகத்தான்.

இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். நான் போட்டபோது இ-தாகில் என்ற பழைய தளம் இருந்தது. புகாரில் வேண்டியவை: யார், எப்போது, எவ்வளவு, என்ன சொன்னார்கள், என்ன நடந்தது, நீங்கள் என்ன கேட்கிறீர்கள். கேட்பதைத் தொகையாகக் கேளுங்கள். பழுதுச் செலவு, அலைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு ஒவ்வொன்றையும் தனித்தனியாக. வாட்ஸ்அப் படங்களோடு, மின்னணுச் சான்றுக்கான உறுதிச் சான்றிதழையும் இணைப்பது நல்லது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு அதைச் சொல்கிறது.

எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், மேற்கொண்டு 15 நாள், அதற்கு மேல் கிடையாது. சோதனை தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும் என்று எதிர்பார்த்தே இறங்குங்கள். நான் 2024 பிப்ரவரியில் போட்டேன். இரண்டாவது வாய்தாவில் சமரசத்துக்குச் சம்மதமா என்று கேட்டார்கள், சம்மதித்தேன். செப்டம்பரில் கடை 40,000 ரூபாய் தந்தது. மீட்டர் விவகாரத்தைத் தனியே தொடர்ந்திருந்தால் அதிகம் கிடைத்திருக்கலாம் என்கிறார்கள். அம்மாவின் உடல்நிலை அப்போது சரியில்லை, முடித்துக்கொண்டேன்.

உத்தரவு வந்தும் கடை பணம் தராவிட்டால்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72ஆவது பிரிவில் சிறைத் தண்டனைக்கே இடம் இருக்கிறது: ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பணம் வாங்கிவிட்டு வண்டியே தராதது, போலி ஆர்.சி., திருட்டு வண்டி, எஞ்சின் எண்ணைத் திருத்தியது என்றால் உடனே கொடுங்கள், காத்திருக்காதீர்கள். மீட்டர் குறைப்பும் மோசடிதான், ஆனால் காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்று அனுப்பப் பார்ப்பார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். சேவை சரியில்லை, போன் எடுக்கவில்லை என்பதற்குப் போலீஸ் வழி இல்லை.

வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. கடன் தவணையை நிறுத்தி வைக்கலாமா?

வேண்டாம். வங்கிக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தம் வேறு, கடைக்கும் உங்களுக்கும் உள்ளது வேறு. தவணை தவறினால் சிபில் மதிப்பெண் போகும், வண்டியையே எடுத்துப்போகவும் வருவார்கள். கட்டிக்கொண்டே, அந்த வட்டிச் சுமையை இழப்பீட்டுக் கணக்கில் சேருங்கள்.

டாக்ஸி ஓட்ட வாங்கினேன். நான் நுகர்வோர் ஆவேனா?

நீங்களே ஓட்டிப் பிழைக்க ஒரு வண்டி வாங்கியிருந்தால் ஆவீர்கள். சுயதொழிலாகப் பிழைப்பு நடத்த வாங்குவதைச் சட்டம் வணிகமாகக் கருதுவதில்லை. ஐந்து வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டினால் ஆக மாட்டீர்கள்.

நான் வாங்கியவன் இல்லை, விற்றவன். கடைக்கு விற்று ஒரு வருடம் ஆகியும் அபராதச் சீட்டு என் கைப்பேசிக்கே வருகிறது.

உங்கள் நிலைமை வாங்கியவரைவிட ஆபத்தானது. வண்டி பல கை மாறிய பிறகு நடந்த ஒரு விபத்தில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. விற்ற தேதியைக் காட்டி நீங்கள் தப்பிக்க முடியாது.

இதற்காகவே மத்திய அரசு 2022 டிசம்பரில் விதிகளைத் திருத்தியது. 2023 ஏப்ரல் 1 முதல் அவை நடைமுறையில் உள்ளன. அதன்படி பழைய வண்டி வியாபாரி பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், அது 5 ஆண்டுக்குச் செல்லும். நீங்கள் வண்டியை ஒப்படைத்ததும் படிவம் 29சி வழியாக அந்தத் தகவல் பரிவாகனில் ஏற வேண்டும். அங்கீகாரம் பெற்ற வியாபாரியா என்று கேளுங்கள், 29சி பதிவின் நகலையும் கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால், விற்ற தேதி, வியாபாரியின் பெயர், டெலிவரி நோட்டின் நகல் ஆகியவற்றோடு பதிவு அலுவலகத்துக்கு இன்றே கடிதம் எழுதி, முத்திரையிட்ட நகலை வாங்கி வையுங்கள். உங்கள் ஃபாஸ்டேக் இன்னும் அந்தக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் அதையும் மூடிவிடுங்கள்.

கடையில் இல்லை, செயலி வழியாகப் பெரிய நிறுவனத்தில் வாங்கினேன். அங்கே யாரிடம் பேசுவது?

பெரிய நிறுவனத்தில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். புகார் எண்ணை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், புதிய புகார் திறக்க விடாதீர்கள். அவர்கள் தளத்திலேயே குறைதீர் அலுவலரின் பெயரும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும், அவருக்கு நேரடியாக எழுதுங்கள். சில நிறுவனங்கள் சில நாட்களுக்குள் வண்டியைத் திருப்பித் தரும் வாய்ப்புத் தருகின்றன. அந்த நாட்களில் வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோவதற்கு முன் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

இணையத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு எழுதிவிடலாமா?

எழுதுங்கள். நடந்ததை மட்டும், தேதியோடு, வசவு இல்லாமல். நட்சத்திரத்தை எடுத்தால் பணம் தருகிறோம் என்று பேரம் பேச வருவார்கள். பணம் கணக்கில் ஏறும்வரை எடுக்காதீர்கள்.

இன்னும் வாங்கவில்லை, அடுத்த வாரம் வாங்கப் போகிறேன். ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால்?

பணத்தில் ஒரு பகுதியைப் பெயர் மாற்றம் முடியும்வரை பிடித்து வையுங்கள். 20,000 ரூபாய் என்றாலும் சரி. முகம் சுளிப்பார்கள், "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பார்கள். என் மைத்துனர் போன ஆண்டு 25,000 ரூபாயைப் பிடித்து வைத்தார், எழுதியே வைத்தார். ஆர்.சி. பத்தொன்பதாவது நாள் அவர் வீட்டுக்கு வந்தது.

உங்கள் வண்டி இப்போது?

ஓடுகிறது. மீட்டர் 74,000 காட்டுகிறது, நான் அதோடு முப்பதாயிரம் சேர்த்துக்கொண்டு டைமிங் பெல்ட்டையும் ஆயிலையும் மாற்றுகிறேன். அடுத்த முறை விற்கும்போது வாங்குபவரிடம் கொடுப்பதற்காக, அந்தப் பழுப்பு அட்டையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆர்.சி.யோடு வைத்திருக்கிறேன்.